இன்ஸ்ப்ரூக்கில் இரண்டு நாள்: அம்மாவோடு போகிறோம், யோசனை சொல்லுங்கள்

செப்டம்பர் கடைசியில் மியூனிக்கிலிருந்து ரயிலில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்துக்குப் போகிறோம். இரண்டு இரவுதான். அம்மாவுக்கு 68 வயது. முட்டிவலி, கொஞ்சம் ரத்த அழுத்தமும் உண்டு.

பழைய நகரத்தில் தங்கக்கூரை என்ற, பொன்முலாம் பூசிய ஓடு வேய்ந்த மாடமும் ஹோஃப்கிர்ஹே தேவாலயமும் உறுதி. அந்தத் தேவாலயத்தில் பேரரசர் முதலாம் மேக்ஸிமிலியனின் கல்லறையைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலான 28 வெண்கலச் சிலைகள் நிற்கின்றனவாம். ஆனால் அவர் உடல் அங்கே இல்லை, வியன்னாவுக்குத் தெற்கே உள்ள வீனர் நொய்ஷ்டாட் ஊரில் இருக்கிறது! இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு அந்தக் காலிக் கல்லறையைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.

குழப்பம் நோர்ட்கெட்டே மலையில்தான். நகரம் 574 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேபிள் காரில் ஹாஃபெலேகார் நிலையம் போனால் 2,200 மீட்டரைத் தாண்டிவிடும். அம்மாவுக்கு மூச்சு வாங்குமா? 1,905 மீட்டரில் உள்ள இடை நிலையமான ஸீகுரூபேயோடு இறங்கிவிட்டால் காட்சியில் பெரிதாக இழப்போமா? வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் சொன்னால் நல்லது.

அப்புறம், ஆம்ப்ராஸ் கோட்டையில் ஏறி இறங்கும் படிகள் அதிகமா? மழை பெய்தால் மலைக்குப் பதில் அங்கே போகலாம் என்று நினைக்கிறோம். முட்டைகூடச் சாப்பிடாத அம்மாவுக்குப் பழைய நகரத்தில் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எப்படியும் பெட்டியில் ஏறிவிடும்.