தீபாவளி இல்லாத வீட்டுக்கும் போங்கள்

தோட்டத்தில் பிறந்தவள், சுங்கை சிப்புட்:

பண்டிகை நாளில் தனியாக இருந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான்கு நாள் யோசித்துவிட்டு மலேசியாவிலிருந்து எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் 2023 மார்ச்சில் தவறினார். அந்த வருசம் நவம்பர் 12 தீபாவளி. எங்களுக்கு 'தீபாவளி இல்லை'. ஒரு வருசத்துக்குப் பலகாரம் சுடக் கூடாது, புதுத்துணி கிடையாது. அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்போது அடுப்புப் பக்கம் போக மனசில்லை. ஆனால் பலகாரம் சுடக் கூடாது என்றுதான் முறை. ஆள் வரக் கூடாது என்று யார் சொன்னது? "துக்க வீடு, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லி எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். காலையில் தெரு முழுக்கப் பிள்ளைகள். என் கேட்டைத் தாண்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். மரியாதைக்குத்தான் செய்தார்கள், தெரியும். ஆனாலும் அன்று என்னால் தாங்க முடியாமல் போனது அந்தத் தாழ்ந்த குரல்தான்.

மத்தியானம் எதிர்வீட்டு மலாய்க்கார மாக்சிக், அதாவது அந்த வீட்டு அத்தை, வந்தார். அவருக்கு நம் முறை தெரியாது, அதனால் வந்துவிட்டார். ஒரு டப்பாவில் மீகூன் கோரெங், வறுத்த அரிசிச் சேமியா. என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய்த் தட்டு எடுத்துவந்து, "மாக்கான் டூலு", முதலில் சாப்பிடு என்று முன்னால் வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். முந்தின நாள் காலையில் பசியாறியதற்கு அப்புறம் நான் வாயில் வைத்த முதல் சோறு அந்த மீகூன்தான்.

தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒருவர் பட்டினி கிடக்க முடியாது. வரிசையாக வீடுகள், ஒரே கூரை, நடுவில் பலகைச் சுவர். ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. பிள்ளைகள் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போனார்கள், நாங்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்தோம். வீடு நல்ல வீடுதான். செங்கல் சுவர், இரும்புக் கேட், பூட்டு. உள்ளே இருக்கிறவர் சாப்பிட்டாரா என்பதுதான் வெளியே தெரியாது.

2024-ல் அக்டோபர் 31 தீபாவளி. என் வீட்டுக்காரரின் முதல் வருசத் தலைத்திதி முடிந்துவிட்டது, கொண்டாடலாம். எனக்குத்தான் முடியவில்லை. முறுக்கு அச்சைப் பிழிந்தது எப்போதும் அவர்தான். இருபது வருசம் தோட்டத்தில் பால்மரம் சீவியதில் என் மணிக்கட்டுக்குப் பலம் போய்விட்டது. அலமாரியிலிருந்து அச்சை எடுத்தேன். தட்டின் ஓட்டைகளில் பழைய மாவு காய்ந்து கல்லாகியிருந்தது. அவர் கடைசியாகப் பிழிந்த மாவு. கழுவ மனசு வரவில்லை, திரும்ப வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மருமகள் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். "அத்தை, எனக்குப் பதம் தெரியல, எண்ணெயில போட்டா உடையுது. கொஞ்சம் வந்து பாருங்க." இதையே "மனசு ஆறுதலாக எங்கள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். வேலை என்று கூப்பிட்டதால் கால் தானாக நடந்தது. மாவைத் தொட்டுப் பார்த்தேன், வெண்ணெய் கூடிப்போயிருந்தது. இன்னும் இரண்டு கைப்பிடி அரிசி மாவு போட்டுப் பிசைந்தேன். ஒரு துண்டு கிள்ளி எண்ணெயில் போட்டு, சலசலப்பு அடங்கும்வரை பார்த்திருந்தேன். உடையவில்லை. அவள் புருசன் அச்சைப் பிழிந்தான். "உங்க மாமா எள்ளு நிறையப் போடச் சொல்லுவார்" என்று என்னையறியாமல் சொன்னேன். எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை, "அப்படியா? மாமாவுக்கு வேற என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள். இரவு பதினொரு மணிவரை அவரைப் பற்றியே பேசினோம்.

தீபாவளிக்கு முந்தின நாள் படையலில் அவருக்குப் புது வேட்டி, சட்டை, ஆட்டிறைச்சிப் பிரட்டல், எள்ளு முறுக்கு, ஒரு கிளாஸ் கோப்பி ஓ (பால் போடாத காப்பி) வைத்தேன். அழுதேன்தான். ஆனால் அன்று இரவு தூங்கினேன்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன்:

அக்கா எழுதியதைப் படித்ததும் என் அம்மா ஞாபகம். அவரும் நம் ஊரில்தான் தனியாக இருக்கிறார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜொகூர் பாலத்து நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் லீவே முடிந்துவிடும் என்று இரண்டு வருசம் போகாமல் இருந்துவிட்டேன். காலையில் வீடியோவில் கூப்பிட்டு, "என்னம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பேன். "நல்லாத்தாம்பா இருக்கேன்" என்பார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். போனை வைத்த பிறகு இரண்டு பேருமே அழுதிருக்கிறோம் என்பது போன வருசம்தான் தெரிந்தது.

இப்போது போனைச் சமையல்கட்டு ஜன்னலில் சாய்த்து வைக்கச் சொல்கிறேன். அம்மா கோழி வெட்டுவார், நான் இங்கே என் அறையில் வெங்காயம் உரிப்பேன். பாதி நேரம் பேசவே மாட்டோம். ஒரு மணி நேரம் அப்படியே ஓடும். நேரில் போவதற்கு இது ஈடாகாது. அதனால் இந்த வருசம் தீபாவளிக்கு முந்தின வாரமே லீவு எடுத்திருக்கிறேன். பண்டிகைக்குத்தான் வர வேண்டும் என்று அம்மா எப்போதும் கேட்டதில்லை.

மெயின் ரோட்டுத் தையல்காரி:

என் அனுபவம் கொஞ்சம் கனமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். தீபாவளிக்குத் துணி தைத்துக் கொடுத்து முடித்ததும் எனக்கு ஒரு வெறுமை வரும். மூன்று வருசத்துக்கு முன்னால் வந்தது போகவே இல்லை. தூக்கம் போனது, பசி போனது, செத்தால் என்ன என்று தோன்ற ஆரம்பித்தது. வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பயம் இன்னும் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-ல் மலேசிய நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. மனசில் இருப்பதை வெளியே சொல்வது அன்றைக்கும் குற்றமில்லை, இன்றைக்கும் இல்லை.

நான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். 1 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். தூக்கம், பசி, மனசு பற்றி ஒரு தாளில் கேள்விகள் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் காத்திருக்காமல் வரச் சொன்னார் டாக்டர். நான் இரண்டு மாதம் காத்திருந்தேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ராத்திரி நேரத்தில், மனசு விட்டுப் பேசக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் கூப்பிடலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

தோட்டத்தில் பிறந்தவள், சுங்கை சிப்புட்:

தங்கச்சி, நீ எழுதியது நல்லது. நாளைக்கே கடைக்கு வருகிறேன், ரவிக்கைத் துணி ஒன்று கிடக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. தீபாவளிக் காலையில் தலைக்கு எண்ணெய் வைப்பது மூத்தவர் வேலை. எனக்கு என் வீட்டுக்காரர்தான் வைப்பார். போன தீபாவளிக்கு விடியற்காலை எழுந்து நல்லெண்ணெய்யைச் சூடு பண்ணிக் கிண்ணத்தில் ஊற்றிய பிறகுதான் உறைத்தது, எனக்கு வைக்க யாருமில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். தெருக்கோடியில் எண்பது தாண்டிய பெரியம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். முன்பு எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், என்னையும் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். மழை தூறிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு இந்நேரத்துல?"

"நான்தான் பெரியம்மா. எனக்கு எண்ணெய் வச்சு விடுங்க."

வாசற்படியில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது அவருக்கு. உச்சியில் வைத்த எண்ணெய் காதுவழியாக வழிந்து கழுத்துக்குப் போனது. "பெரிய தலை ஆயிடுச்சு உனக்கு" என்று சொல்லி, இன்னொரு கை எண்ணெய் அள்ளினார்.