பொருள்: ஆட்டோட்யூன், ஃபீச்சர் – தமிழில் எப்படி?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவு மாணவர்களுக்கான கையேட்டில் ஹிப்-ஹாப் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்கள் இடிக்கின்றன. ஒன்று ஆட்டோட்யூன், பாடியவர் குரலைத் தானாகச் சுருதி சேர்க்கும் மென்பொருள். மற்றது பாட்டின் பெயரோடு ‘ஃபீட்.’ என்று ஒட்டிக்கொண்டு வரும் ஃபீச்சர், அதாவது ஒருவர் பாட்டில் வேறொரு கலைஞர் வந்து பாடித்தரும் பகுதி. ‘தன்னியக்கச் சுருதித் திருத்தி’, ‘சிறப்புத் தோற்றம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். பின்னது சினிமா டைட்டில் மாதிரி இருக்கிறது.
— வே.

*

> தன்னியக்கச் சுருதித் திருத்தி

ஆட்டோட்யூன் என்பது அன்டாரெஸ் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த மென்பொருளின் வணிகப்பெயர். பெயரைப் பெயராகவே விடுங்கள். செயலுக்குத்தான் சொல் வேண்டும், அதுவும் இரண்டு. ரீட்யூன் வேகத்தை (குரலைச் சரியான சுரத்துக்கு நகர்த்த எடுக்கும் நேரம்) 30, 40 மில்லிநொடியில் வைத்தால் குரல் விலகிய இடம் மட்டும் நேராகும், கேட்பவருக்குத் தெரியாது. பூச்சியத்தில் வைத்தால் சுரத்துக்குச் சுரம் சறுக்காமல் படிப்படியாகக் குதிக்கும். 1998இல் பாடகி ஷெர், 2005 முதல் பாடகர் டி-பெயின், 2008இல் ஒரு முழு ஆல்பத்துக்கு ராப் கலைஞர் கான்யே வெஸ்ட் எல்லாரும் வேண்டுமென்றே செய்தது இதைத்தான். அங்கே எதுவும் திருந்தவில்லை. முன்னது சுரத்திருத்தம், பின்னது சுரப்பூட்டு (குரலைச் சுரத்தோடு பூட்டுவது). சுருதி வேண்டாம், மாணவர் தம்பூராவைத் தேடுவார்.
— இரா.

*

சுரம் மட்டும் எந்த ஊர்ச் சொல் ஐயா? சிலப்பதிகாரத்தின் கானல்வரி தொடக்கத்தில் யாழுக்குரிய எட்டுக் கலைத்தொழில்களில் முதலாவது ‘பண்ணல்’. பாட எடுத்த பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை வீக்குவது. இந்த மென்பொருளும் முதலில் எந்தக் கீ (ஆதார சுரம்), எந்த ஸ்கேல் (சுர வரிசை) என்றுதானே கேட்கிறது? கருவி ‘தன்பண்ணி’, செயல் ‘தன்பண்ணல்’. ஃபீச்சருக்கு ‘விருந்து’. தொல்காப்பியர் விருந்து என்றது புதுமையை. ‘விருந்துச் சரணம்’ எனலாம்.
— ந. மா.

*

வகுப்பில் ‘தன்பண்ணி’ என்றால் பையன்கள் காதில் ‘பன்னி’தான் விழும்.

ஆனால் ந. மா. ஐயா சொன்ன ஸ்கேல் விஷயம் கையேட்டில் கட்டாயம் வரவேண்டும். ஏ மைனர் பாட்டுக்கு ஏ மேஜர் என்று வைத்துவிட்டால், ஒழுங்காகப் பாடிய சி-யையும் பி-க்கோ சி ஷார்ப்புக்கோ இழுத்துப்போடும். ‘திருத்தம்’ என்று பெயர் வைத்த பாவம்! இன்னொன்று: ஆட்டோட்யூனை ரிவெர்புக்கு (எதிரொலி சேர்ப்பதற்கு) முன்னால் போட வேண்டும். எதிரொலியில் முந்தைய சுரத்தின் வால் கலந்து வந்தால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் குரல் நடுங்கும். இரட்டைக் குரலுக்கும் தனித்தனி டிராக்கில் தனித்தனியாகப் போடவேண்டும்.

‘சரணம்’ ஒத்துவராது. ஃபீச்சர் என்றால் 16 பார் (நான்கு தட்டு கொண்ட தாளச் சுற்று) ராப் மட்டும் அல்ல (நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் 48 நொடி). 2007இல் கான்யேயின் ‘குட் லைஃப்’ பாட்டில் விருந்தாளி டி-பெயின் பாடியது ஹூக், நம் கணக்கில் பல்லவி. ‘விருந்துக்குரல்’ என்றால் இரண்டுக்கும் ஆகும்.
— செ.

*

பழைய வோகோடரையும் இதோடு குழப்ப வேண்டாம். ஷெரின் அந்த 1998 பாட்டின் தயாரிப்பாளர்களே முதலில் வோகோடர் என்று சொல்லித்தான் மறைத்தார்கள். அதில் குரலின் வடிவத்தை சிந்தசைசர் ஒலிமேல் ஏற்றுகிறோம், சுரம் விசைப்பலகையிலிருந்து வரும். இங்கே பாடகரின் குரலே நகர்த்தப்படுகிறது.
— இரா.

*

> சுரப்பூட்டு

சுரப்பு + ஊட்டு என்றும் பிரியும். நாளமில்லாச் சுரப்பிக்கு ஊசி போடுவது போல இருக்கிறது.
— ந. மா.

*

பெரும்பான்மை ஆதரவால் சுரத்திருத்தம், சுரப் பூட்டு (இடைவெளி விட்டு), விருந்துக்குரல். ஆட்டோட்யூன் அப்படியே. ‘பண்ணல்’ அடிக்குறிப்பில்.
— வே.

*

இடைவெளி விட்டால் தொகை தொகையாகுமா? என் மறுப்பைப் பதிவு செய்யவும். ‘விருந்துக்குரல்’ சரி.
— ந. மா.