தக்காளிக் காய் அடிப்பக்கம் கறுத்து அழுகுது, தண்ணி பத்தலையா?

தோவாளை மாடி:
மொட்டைமாடியில் 12 குரோ பேக், எல்லாம் 12 அங்குலம். இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு சாண உரம். நீளக்காய் பெங்களூர் தக்காளி. தினமும் காலையில் பைக்கு ஒரு லிட்டர் தண்ணி. காய் எலுமிச்சை அளவு வந்ததும் பூ உதிர்ந்த இடத்தில் நீர் கோத்த மாதிரி ஒரு புள்ளி. நாலு நாளில் அது கறுத்து, செருப்புத் தோல் மாதிரி காய்ந்து உள்ளே குழிகிறது. புழு இல்லை. பூஞ்சாணக்கொல்லி இரண்டு தரம் அடித்தாச்சு, முட்டை ஓடும் போட்டாச்சு. மத்தியானம் இலை தொங்குது. தண்ணி கூட்டணுமா?

பூதப்பாண்டி விவசாயி:
இது நோய் இல்லை, பூ முனை அழுகல். மருந்தை நிறுத்துங்க. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேராததால் வருவது. அந்தச் சத்து தண்ணியோடுதான் செடிக்குள் ஏறும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கிற மாசங்களில் இலை நீரை வேகமாக ஆவியாக்கும். ஏறுகிற தண்ணியெல்லாம் இலைக்கே போகும், காய் பட்டினி. நீளக்காய் ரகத்தில் இது கூடுதல்.

காய்க்கிற செடிக்கு இந்தக் காற்றில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். காலை 7 மணிக்குப் பாதி, சாயங்காலம் 4 மணிக்குப் பாதி. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டுவதுதான் பெரிய கேடு. இன்னொன்று கவனியுங்க: நார்த்தூள் ஒருதரம் நன்றாகக் காய்ந்தால் ஓரம் விலகி நிற்கும். ஊற்றுகிற தண்ணி அந்த இடுக்கு வழியே ஓடி அடியில் வழியும், நடுவில் தூசி பறக்கும். விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பாருங்க. அப்படி இருந்தால் அரை லிட்டர் ஊற்றி, 15 நிமிஷம் விட்டு, மறுபடி ஊற்றுங்க. மேலே இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு, மேற்குப் பக்கம் நிழல்வலை.

முட்டை ஓடு கரைய மாசக்கணக்காகும், இந்தக் காய்க்கு உதவாது. கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம், வெயில் தாழ்ந்தபின் பிஞ்சு நனைய வாரம் ஒருதரம், மூன்று வாரம் தெளிங்க. 19:19:19 கலப்பு உரத்தோடு கலக்காதீங்க, திரிந்து அடியில் படியும். யூரியாவும் கூடுதல் பொட்டாஷும் வேண்டாம். நார்த்தூளிலேயே பொட்டாஷ் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தை மறிக்கும். அடுத்த தடவை 5 கிலோ நார்த்தூள் கட்டியை 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணியில் ஒருநாள் ஊறவைத்து அலசிப் போடுங்க.

மார்த்தாண்டம் விளை:
மேற்கே எங்க பக்கம் இதை அப்படியே செய்யாதீங்க. மழை நாளில் தண்ணியைக் குறைக்கணும். இங்கே காய் அழுகினால் முதலில் இடத்தைப் பாருங்க. நுனியில் மட்டும் கறுப்பு என்றால் மேலே சொன்னது. மண்ணைத் தொடுகிற காயில் பழுப்பு வளையம் வளையமாக வந்தால் அது பூஞ்சை. குச்சி கட்டித் தூக்கி, கீழ் இலைகளைக் கிள்ளி, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் அடிக்கணும்.

இலை தொங்குவது சாயங்காலம் நிமிர்ந்தால் வெயில் வாட்டம். இராத்திரியும் நிமிராமல் பச்சையாகவே துவண்டால், தண்டை நறுக்கி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணியில் தொங்கவிடுங்க. வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியைப் பிடுங்கி எரிங்க, அந்த மண்ணில் கத்தரி, மிளகாய்கூட வைக்காதீங்க. எங்க புளிப்பு (அமில) மண்ணுக்கு இது நிரந்தர எதிரி. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ரகங்கள் தாங்கும்.

தோவாளை மாடி:
விரல் விட்டுப் பார்த்தேன், நடுவில் பொடியாக இருக்கு. இலை ஆறு மணிக்கு நிமிருது. கறுத்த காயை விடவா, பறிக்கவா?

பூதப்பாண்டி விவசாயி:
பறிச்சிடுங்க, அது தேறாது. கறுப்பை வெட்டிப்போட்டு மிச்சத்தைப் புளிக்குழம்புக்குப் போடலாம். இப்போ பூவிலிருந்து திரள்கிற பிஞ்சுதான் கணக்கு. இரண்டு மூன்று வாரத்தில் அதன் நுனியைப் பாருங்க. காய்ந்த பையில் திடீரென்று நிறைய விட்டால் பழுக்கப்போகிற காய் வெடிக்கும், அதனால் முதல் மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டுங்க.