அடியத் திருப்பிப் பாத்தீங்களா? பேகல் தேடி அலைஞ்ச கதைங்க

எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு பேகல் கடை (பேகல்னா நடுவுல ஓட்டையோட வட்டமா ஒரு ரொட்டி, முறைப்படி கொதிக்கற தண்ணில போட்டெடுத்து அப்புறம் அடுப்புல சுடுறது). வாசல்ல பெரிசா போர்டு, நியூயார்க் ஸ்டைல், கெட்டில்ல வேகவெச்சதுன்னு. அமெரிக்கால சென்ட்ரல் நியூ ஜெர்சிக்குக் குடிவந்து ஆறு வருஷமாச்சு, சனிக்கிழமை காலைல அங்கதான் டிபன், எனக்கு பேகல்னா அதுதான், அமுக்கினா அமுங்கி திரும்ப எந்திரிக்கிற பன்னு, நடுவுல ஓட்டை, அவ்ளோதான்னு நினைச்சிட்டிருந்தேன். போன மாசம் ஆபீஸுக்கு ஒரு டஜன் வாங்கிட்டுப் போனேன் (டஜன்னா 13 தருவாங்க, அது ஒரு சந்தோஷம்). ப்ரூக்ளின்ல பொறந்து வளந்த பெரியவர் ஒருத்தர் ஒண்ண எடுத்தாரு, கடிக்கல, நாம மாம்பழத்த காம்புகிட்ட மோந்து பாப்போமே அந்த மாதிரி அடியத் திருப்பிப் பாத்தாரு. அடி பூரா சின்னச் சின்னப் புள்ளி, வரிசை வரிசையா. இது தண்ணிக்குள்ள எறங்கவே இல்லப்பா, வெறும் ஆவிதான்னு சொல்லிட்டு திரும்ப டப்பாவுலயே வெச்சுட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். முதல் கடைல கல்லாவுல இருந்த ஸ்கூல் பையன்கிட்ட, தம்பி இத தண்ணில வேகவெப்பீங்களான்னு கேட்டா என்னை ஏற இறங்கப் பாக்குறான். இன்னொரு கடைல அம்மா ஒருத்தங்க, ஃப்ரோஸன்ல வருது, நாங்க சூடு பண்றதோட சரின்னு நேராவே சொல்லிட்டாங்க, அந்த நேர்மைக்காகவே ரெண்டு வாங்கினேன். நாலாவதா ஒண்ணு மாட்டுச்சு, ஸ்ட்ரிப் மால்ல லாண்ட்ரிக்கும் நெயில் சலூனுக்கும் நடுவுல, போர்டு பாதி எரியாது. அப்பா அப்ப ஈரோட்டுல இருந்து வந்து மூணாவது நாள், ஜெட்லாக், விடிகாலை நாலு மணிக்கே குளிச்சு விபூதி பூசிட்டு உக்காந்திருக்காரு. சரி வாங்கப்பான்னு கூட்டிட்டுப் போனேன்.

அஞ்சரை மணி. கவுண்டருக்குப் பின்னாடி பூராவும் தெரியுது. கல்யாண வீட்டு அண்டா சைஸ்ல ஒரு கெட்டில், தண்ணி காபித்தண்ணி கலர்ல கொதிக்குது, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பச்ச பேகல அந்த ஆளு பத்து பன்னெண்டா உள்ள தள்ளுறாரு, கொஞ்ச நேரத்துல எல்லாம் மேல மிதந்துட்டு ஒண்ண ஒண்ணு இடிச்சிக்கிட்டு நிக்குது. நம்ம ஜல்லிக்கரண்டிய முறம் அளவுக்குப் பெரிசாக்கினா எப்படி இருக்கும், அதுல அள்ளி எள்ளுல பொரட்டி, ஈரச் சாக்கு சுத்தின நீளப் பலகைல தலகீழா அடுக்கி அடுப்புக்குள்ள விட்டு, சில நிமிஷம் கழிச்சு பலகைய ஒரே கவுப்பு, எல்லாம் சூடான கல்லு மேல உக்காந்துடுச்சு. அப்பா கண்ணெடுக்காம பாத்துட்டு, என்னடா இவன் வடைய தண்ணில போட்டு எடுக்கறான்னாரு. அவருக்கு கீழ்ப்பல் செட்டு. ஒரு கடி கடிச்சுட்டு செட்டக் கழட்டி கைல வெச்சுட்டாரு. அப்புறம் பிச்சுப் பிச்சு காபில முக்கி முழுசும் காலி பண்ணினாரு, அது வேற விஷயம். உங்க ஊர்ல எப்படிங்க, சொல்லுங்க.

* * *

நியூயார்க் லாங் ஐலண்ட்ல இருக்கேன் அண்ணா. இங்க தடுக்கி விழுந்தா பேகல் கடை, ஆனா இங்கயும் எல்லாரும் வேகவெக்கறாங்கன்னு சொல்ல முடியாது. நான் பாக்கறது மேல்தோல. ராத்திரி பூரா குளுருல வெச்ச மாவா இருந்தா தோல்ல சின்னச் சின்னக் கொப்புளம் வந்திருக்கும், பளபளன்னு இருக்கும். ஒரு கடைல டோஸ்ட் பண்ணித் தாங்கன்னு கேட்டேன், இப்பதான் அடுப்புல இருந்து வந்தது தொட்டுப் பாருங்கன்னு கைலயே குடுத்துட்டாரு. அந்தக் கடைய விடவே இல்ல.

ஒரு விஷயம், நியூயார்க் ஸ்டேட்ல பேகல அப்படியே முழுசா வாங்கிட்டுப் போனா சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, ரெண்டா வெட்டித் தரச் சொன்னாலே டாக்ஸ். கத்தி பட்டா காசு! எங்க வீட்டுக்காரர் இதத் தெரிஞ்சதுல இருந்து கார்லயே பட்டர் நைஃப் வெச்சிருக்காரு, மானம் போகுது. சைவம் சாப்பிடறவங்க இன்னொண்ணும் கேட்டுக்கோங்க, சில கடைல மாவு சீக்கிரம் இளகணும்னு எல்-சிஸ்டீன்னு ஒரு அமினோ ஆசிட் கலந்த மாவு வாங்குவாங்க, அது வாத்து இறகுல இருந்து எடுக்கறதும் உண்டு. நான் கேட்ட ஒரு கடைல மூஞ்சிய சுளிச்சாங்க, இன்னொரு கடைல மாவு மூட்டையையே இழுத்துட்டு வந்து லேபிளப் படிங்கன்னு காட்டினாரு.

* * *

நாங்க கனெக்டிகட், நியூ ஹேவன் பக்கம். பொண்ணு காலேஜ் லீவுல பேகல் கடைல வேலை பாத்தா, அதனால உள் விஷயம் கொஞ்சம் தெரியும். முதல்ல ஒரு திருத்தம், அடில புள்ளி இருந்தாலே ஆவின்னு முடிவு கட்டாதீங்க, சில கடைல ஒழுங்கா வேகவெச்சுட்டு ஓட்டை போட்ட தட்டுல வெச்சு அடுப்புல தள்ளுறாங்க, அப்பவும் புள்ளி விழும். பிச்சுப் பாருங்க. சுடுதண்ணி பட்டதும் வெளிப்பக்கம் இருக்கற ஸ்டார்ச் வெந்து தோல் மாதிரி இறுகிடும், அதனால அடுப்புல ரொம்ப உப்ப முடியாது, உள்ள நெருக்கமா இருக்கும், இழுத்தா ஜவ்வா வரும். ஒரு நிமிஷம் கூட ஆகாத வேலைதான் அது. ஆவி அடுப்புல அந்தத் தோல் அவ்வளவு கெட்டியா வராது, அதான் பன்னு மாதிரி ஊதிக்குது.

பின்ன ஏன் எல்லாரும் ஆவிக்குப் போறாங்கன்னா ஆள் பிரச்சினை. பொண்ணோட மொதலாளி சொல்வாராம், கெட்டில்காரன் லீவு போட்டா நான் ஷட்டர எறக்க வேண்டியதுதான்னு. ஆவி அடுப்புன்னா பட்டன அமுக்கினா போதும், ஸ்கூல் பசங்கள வெச்சு ஓட்டிடலாம். அந்தக் காலத்துல நியூயார்க்ல பேகல் போடறவங்களுக்குன்னே தனி யூனியன் இருந்துச்சு, லோக்கல் 338, முந்நூறு பேர் போல, மகன் மருமகன் உறவுன்னு இல்லாம உள்ள நுழையறது கஷ்டம். டேனியல் தாம்சன்னு ஒருத்தர் மெஷின் கண்டுபிடிச்சாரு, அத 1963ல வாடகைக்கு எடுத்தது எங்க ஊரு லெண்டர்ஸ் கம்பெனி. போலந்துல இருந்து வந்த ஹாரி லெண்டர் 1927ல ஆரம்பிச்சது, பசங்க ஃப்ரோஸன் பேகல நாடு பூரா கொண்டு போயி 1984ல க்ராஃப்ட்ங்கற பெரிய உணவுக் கம்பெனிக்கு வித்துட்டாங்க. ஆக, உங்க ஜெர்சி கடை ஃப்ரோஸன எடுத்துச் சூடு பண்ற பழக்கத்துக்கு எங்க ஊருக்கும் பங்கு இருக்கு, மன்னிச்சுக்கோங்க. பொண்ண விடியக்காலைல கொண்டு விடப் போகும்போது கடைக் கதவத் தொறந்தா ஹார்லிக்ஸ் வாசனை அடிக்கும். தண்ணில ஊத்தறது பார்லி மால்ட் சிரப்பாம், ரெண்டுக்கும் ஒரே பார்லி மால்ட்தானே.

* * *

நான் கனடாவில மொன்றியல்ல இருக்கிறன். எங்கட ஆக்களுக்கு முதல்ல உது பிடிக்காது, பாண் மாதிரியும் இல்லை பணிஸ் மாதிரியும் இல்லை எண்டு சொல்லுவினம். இஞ்ச தேன் விட்ட தண்ணியில அவிச்சு விறகடுப்பில சுடுறது, நியூயோர்க் சாமானை விடச் சின்னன், ஓட்டை பெரிசு, மாவில உப்பும் போடுறேல்ல. ஃபெயர்மவுண்ட் கடை 1949ல இருந்து அதே இடத்தில, சென் வியாத்தர் கடை 1957ல இருந்து, ரெண்டுக்கும் இடையில நடக்கிற தூரம்தான். நைற் ஷிஃப்ட் முடிச்சு வாறபோது ஒரு டசின் எள்ளுப் போட்டது வாங்குவன், கடதாசிப் பை தொடையில சுடும், லவாலுக்குப் போய்ச் சேரேக்க எட்டோ ஒன்பதோதான் மிஞ்சும், மனிசி எண்ணிப் பாக்கும். லவால்ல வீட்டுக்குக் கிட்ட ஒரு கடை திறந்தவங்கள், சுவரில விறகுப் படம் பெரிசாக் கீறி வைச்சிருக்கினம், உள்ளுக்க பாத்தா கரண்ட் அவண். ஒருக்கா வாங்கினதோட சரி.

* * *

டல்லாஸ் புறநகர். நாப்பது நிமிஷம் ஓட்டியும் எனக்கு ஒண்ணும் கிடைக்கல, வீட்டுலயே பண்ணலாம்னு எறங்கினேன். சப்பாத்தி மாவுல பண்ணினது கல்லு. அப்புறம் ஹை க்ளூட்டன் மாவு (ஜவ்வுத்தன்மை ஜாஸ்தியான கோதுமை மாவு) ஆன்லைன்ல வாங்கினேன், கிலோவுக்கு 550 மில்லிதான் தண்ணி, பிசையறதுக்குள்ள பரோட்டா மாஸ்டருங்க மேல மரியாதை வந்துடுச்சு. மால்ட் சிரப் கைல இல்ல, மேல சொன்ன அதே யோசனைதான் எனக்கும் வந்துச்சு, ரெண்டு கரண்டி ஹார்லிக்ஸ தண்ணில போட்டேன். அதுல பாலும் இருக்குன்றது மறந்துபோச்சு. பொங்கி வழிஞ்சு அடுப்பு பூரா, பொங்கலோ பொங்கல்தான். பேகல் என்னவோ நல்லாத்தான் வந்துச்சு, பர்னர்தான் ரெண்டு நாள் எரியல.

* * *

திரும்ப நான்தான். ஹார்லிக்ஸ் மேட்டர் படிச்சு பொண்டாட்டி நம்ம வீட்டுல அந்த வேலை வேண்டாம்னுட்டா. போன சனிக்கிழமை அந்த லாண்ட்ரி பக்கத்துக் கடைக்குப் போனேன், ஏழரைக்கே எள்ளு போட்டது தீந்துபோச்சு, வெங்காயம்தான் இருந்துச்சு. கெட்டில்காரர் என்னைப் பாத்துட்டு பெரியவர் எங்கன்னு கேட்டாரு, ஊருக்குப் போயிட்டாருன்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி அப்பா போன்ல, சாப்டியா, பசங்க எப்படி இருக்காங்கன்னு எல்லாம் முடிச்சுட்டு, அந்த ரப்பர் வடைக்காரன் நல்லா இருக்கானாடான்னு கேக்குறாரு.