பஸ்சால இறங்கினதும் தெளிஞ்ச முகம்: பதகளிப்பில பயமும் வெகுமதியும் – கண்ட அனுபவங்கள்

(வன்னியில மனநலப் பணி செய்யிற ஆக்கள் ஒருத்தருக்கொருத்தர் எழுதினது.)

விசுவமடு, உளவளத்துணை:

விசுவமடுவில இருந்து கிளிநொச்சிக்குக் கிளினிக் போக வேண்டிய ஒரு அம்மா. பஸ்சுக்குள்ள சனம் நெருக்கினா நெஞ்சு இடிக்கும், கை விறைக்கும். தர்மபுரம் வரமுதலே மணியடிச்சு இறங்கிடுவா. எல்லாரும் கேக்கிறது பஸ்சுக்குள்ள என்ன நடக்குது எண்டு. மனசை விட்டுப் போகாமல் நிக்கிறது இறங்கின பிறகு நடந்ததுதான். கால் நிலத்தில பட்ட உடன தோள் இறங்கிச்சுது, மூச்சு நீளமா வந்துது, முகம் தெளிஞ்சுது. சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுப்போட்டு, கூட வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிச்சா.

அந்தச் சிரிப்புத்தான் வருத்தத்துக்குத் தீனி. பஸ், சனம், டீசல் மணம் எல்லாம் ஆபத்தோட முடிச்சுப்போட்டுக் கிடக்கிறது ஒரு பக்கம், அது நாய்ச் சோதனை செய்த பாவ்லோவின் கணக்கு. அந்த முடிச்சு வருசக்கணக்கா அவிழாமல் நிக்கிறது இறங்கிறதால வாற ஆறுதலால. 1947இலயே மௌரர் எண்ட உளவியலாளர் இதைச் சொல்லிட்டார். வரும் எண்டு பயந்தது வராமல் போனா, வெகுமதி கிடைக்கேக்க எழும்புற மூளையின்ர ஸ்ட்ரையேட்டம் பகுதிதான் அப்பவும் எழும்புது. இறங்கினாய், தப்பினாய், நாளைக்கும் இறங்கு எண்டு மூளை படிக்குது. இருந்திருந்தாலும் ஒண்டும் நடந்திராது எண்டதைக் காண அதுக்குச் சந்தர்ப்பமே கிடைக்கேல்லை.

பயத்தைச் சிறுசில இருந்து பெரிசுக்குப் படிப்படியா முகம்குடுக்கிறதுக்கு ஏணி போட்டது இப்பிடி. முதல் படி, காலமை 10 மணிக்குப் பிறகு சனம் குறைஞ்ச பஸ்சில வாசலுக்குக் கிட்ட இருந்து ஒரு தரிப்பு. பிறகு ரெண்டு தரிப்பு. பிறகு நடுச் சீற். பிறகு நிண்டுகொண்டு. கடைசியாப் பள்ளிக்கூடம் விடுற நேரம். ஏறமுதல் கொப்பியில ரெண்டு வரி: என்ன நடக்கும் எண்டு நினைக்கிறீங்கள், அதை எத்தினை வீதம் நம்புறீங்கள். இறங்கின பிறகு மூண்டாவது வரி: என்ன நடந்தது. அவா எழுதினது, “மயங்கி விழுவன், 90.”

பிழைச்ச இடம் தேசிக்காய். தலைசுத்தினா மணக்க எண்டு கைக்குள்ள ஒண்டு வைச்சிருந்தா. ரெண்டு தரிப்புப் போனா, மயங்கேல்லை, நம்பிக்கை 90 இலயே நிண்டுது. காப்பாத்தினது தேசிக்காய் எண்டு மூளை எழுதிப்போட்டுது. தண்ணிப் போத்தல், மனிசன், பேர்சுக்குள்ள குளிசை எல்லாம் அதே வேலைதான் செய்யும். ஒவ்வொண்டா எடுக்கவேணும், மற்றதை எடுக்கேக்க ஒரு படி கீழ இறங்கித் தொடங்கவேணும்.

முள்ளியவளை, உளசமூகப் பணி:

தேசிக்காய்க் கதை விளங்குது. இது வெடிச் சத்தத்தில கண்டது. கடையில நிக்கிற ஒரு பெடியன். போனில பதிஞ்ச வெடிச் சத்தம், 3 செக்கன், மெல்லிசாத் தொடங்கி ஒரு இருப்பில 20 தரம். பயத்துக்கு 0 முதல் 100 வரைக்கும் புள்ளி போடச் சொன்னா முதல் நாள் 70, நாலாம் நாள் 20. எல்லாருக்கும் சந்தோசம். வைகாசிப் பொங்கலுக்கு வட்டாப்பளை அம்மன் கோயிலில முதல் வெடி விழ, ஆளைக் காணேல்லை. தேங்காய்க் குவியலுக்குப் பின்னால குந்தி இருந்தான். செருப்பு ரெண்டையும் கழட்டி நெஞ்சோட பிடிச்சபடி. மணலில ஓடச் செருப்புத் தடை எண்டு கால் இன்னும் மறக்கேல்லை.

பழைய பயம் அழியிறேல்லை. அதுக்கு மேல “இது ஆபத்தில்லை” எண்ட புதுப் பாடம் ஒண்டு எழுதப்படுது, அவ்வளவுதான். பூட்டன் (Bouton) எண்ட உளவியலாளர் காட்டினது இதைத்தான். புதுப் பாடத்தை வைச்சுப் பிறேக் பிடிக்கிறது முன்மூளையின்ர உட்பக்கக் கீழ்ப் பகுதி. எந்த இடத்தில எந்தப் பாடம் எண்டு எடுத்துக் குடுக்கிறது ஹிப்போகம்பஸ். கிளினிக் அறை, கதிரை, காத்தாடி, பகல் வெளிச்சம் எல்லாத்தோடயும் சேர்த்துத்தான் பாடம் பதிஞ்சது. இரவு, மணல், சனம், பறை, கற்பூர மணம் எண்ட இடத்தில பழைய பாடம்தான் கைக்கு வந்துது.

அதாலை சத்தத்தை இடம் மாத்தி மாத்திக் குடுக்கவேணும். வீட்டு முத்தம், வயல் வரம்பு, சந்தை. பகல் ரெண்டு தரம், பொழுதுபட்டு ரெண்டு தரம். போனால ஒருக்கா, ஸ்பீக்கரால ஒருக்கா. சிறுசில இருந்து பெரிசு எண்டு ஒழுங்கா மட்டும் போகாமல், இடைக்கிடை சொல்லிப்போட்டுப் பெரிசைப் போடவேணும். ஒழுங்கு தெரிஞ்சா மூளை அடுத்ததை எதிர்பார்த்து நிக்கும், படிக்கிறது குறையும்.

இன்னொண்டு, இது எங்கட மண்ணுக்கு மட்டும். ரோட்டை விட்டுப் பத்தைக்குள்ள இறங்கப் பயப்பிடுற ஆளை ஏணியில ஏத்தாதேங்கோ. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிண்ட காணி, கண்ணிவெடி அகற்றி முடிஞ்சது எண்டு உறுதியாத் தெரியாத காணி, அங்க அந்தப் பயம் சரியான பயம். மூளை தன்ர வேலையைச் செய்யுது. ஏணி போடமுதல் உண்மையான ஆபத்து எவ்வளவு எண்டு இடத்தைப் பார்த்துக் கேட்டு அறியிறது முதல் வேலை.

கிளிநொச்சி, மனநலப் பிரிவு:

ஒரு மறுப்பு. இங்கே இன்னும் எழுதப்படவில்லை, ஆனால் பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் சொல்லப்படுகிறது: “மூளையின் அமிக்டலாப் பகுதிதான் பயத்தின் மையம், அதை அடக்கினால் சரி.” இது போதாது. அமிக்டலா இரண்டு பக்கமும் சிதைந்த, எஸ்.எம். என்று ஆய்வுகளில் குறிக்கப்படும் பெண், பாம்பைக் கையில் எடுத்துத் தடவியவர். அவருக்கே 35 வீதம் காபனீரொட்சைட்டுக் கலந்த காற்றை ஒரு மூச்சு இழுத்ததும் பீதி வந்தது. அந்த ஆய்வு 2013இல் வெளியானது. அமிக்டலா ஆய்வுக்கே பேர்போன லெடூவும், ஆபத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை வேறு, “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று உணர்வது வேறு என்று பிறகு வலியுறுத்தினார்.

இது ஏன் நமக்கு வேண்டும்? கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண். வெளியில் ஆபத்து ஒன்றும் இல்லை. தலையில் வாளித் தண்ணீர் ஊற்றும்போது மூச்சை அடக்குவார், அதிலிருந்து பீதி தொடங்கும். அன்று வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றை இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இவருக்குப் பஸ் ஏணி போட்டு என்ன பயன்? அவருடைய ஆபத்து உடலுக்குள்ளே இருக்கிறது: மூச்சு, நெஞ்சடிப்பு, தலைச்சுற்று.

அவருக்குச் செய்ய வேண்டியது உடல் உணர்ச்சியையே வரவழைப்பது. ஒரு நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சுவிடுதல். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுதல். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரோவால் இரண்டு நிமிடம் மூச்செடுத்தல். ஒவ்வொன்றையும் செய்யவைத்து, வழக்கமான பீதிக்கு எது மிக நெருங்கி வருகிறது என்று கேளுங்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். வேகமூச்சில் விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் இரத்தத்தில் காபனீரொட்சைட்டுக் குறைவதால் வருவது; தலைச்சுற்று, அதனால் மூளை இரத்தக் குழாய்கள் சுருங்குவதால். சிறிது நேரத்தில் தானாக மாறும். இதைச் செய்யும் முன் சொல்லிவிட்டால் பாதிப் பாடம் வீணாகும். முதலில் அவர் எதிர்பார்ப்பதை எழுதவையுங்கள், விளக்கம் பிறகு. ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவர் பார்க்காமல் தொடவேண்டாம்.

“பீதியில் யாரும் மயங்குவதில்லை” என்று அடித்துச் சொல்வதும் தவறு. பீதியில் பெரும்பாலும் இரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயக்கம் அரிது. இரத்தம், ஊசி கண்டு பயப்படுவோருக்கு அது முதலில் ஏறிப் பிறகு விழும், அவர்களில் பலர் உண்மையிலேயே மயங்குவார்கள். அவர்களுக்கு ஆறவிடும் பயிற்சி கூடாது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 செக்கன் இறுக்கி, முகம் சூடேறியதும் தளர்த்தி, 20 முதல் 30 செக்கன் விட்டு மீண்டும், ஐந்து தடவை. ஓஸ்ட் என்ற சுவீடன் உளவியலாளர் வகுத்த முறை இது.

ஒட்டுசுட்டான், பெண்கள் குழுப் பணி:

எல்லாரும் பயத்தைக் குறைக்கிறதிலயே நிக்கிறீங்கள். கச்சான் விக்கிற ஒரு அம்மா, பயம் நல்லாக் குறைஞ்சிட்டுது, பஸ் ஏறுவா, சந்தைக்குப் போவா. ஒரு நாள் பேரப்பிள்ளை கச்சான் கோதைக் காதில கொழுவிக்கொண்டு ஆடிச்சுது. அவாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. வந்த உடன கையால வாயைப் பொத்தினா, முகம் பழையபடி பூட்டுப்பட்டுது. “2009இல பிள்ளையைக் குடுத்துப்போட்டு நான் சிரிக்கிறதோ?”

பயம் போன இடம் தானா நிரம்பாது. எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தா மூளையில டோபமின் எண்ட இரசாயனம் எழும்பும், எதிர்பார்த்தது வராட்டி விழும். 1997இல ஷுல்ட்ஸ் எண்ட மூளை ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதினது. நல்லது வரும் எண்ட எதிர்பார்ப்பை வருசக்கணக்கா மூடிவைச்சா, வாற நல்லதும் பதியாமல் போகும். வாயைப் பொத்துறதும் பஸ்சால இறங்கிறதும் ஒண்டுதான். ரெண்டும் தவிர்ப்பு.

கிராஸ்க் எண்ட உளவியலாளரின்ர குழு நல்லுணர்ச்சியைக் குறிவைச்ச 15 அமர்வுச் சிகிச்சை ஒண்டைச் சோதிச்சு 2019இல எழுதிச்சினம். கெட்ட உணர்ச்சியை மட்டும் குறிவைச்சதைவிட அது 6 மாதத்துக்குப் பிறகும் நல்லா நிண்டுது. அதில இருந்து எடுக்கக்கூடியது: கிழமைக்கு மனசுக்குப் பிடிச்ச 3 செயல், சின்னதா. செய்யமுதலும் செய்த பிறகும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை புள்ளி. அண்டைக்கே கண்ணை மூடிக்கொண்டு, இப்ப நடக்கிற மாதிரிச் சொல்லவைக்கவேணும்: “கோது காதில ஆடுது, பிள்ளையின்ர பல்லுத் தெரியுது.” எந்தக் கணத்தில மனம் கூட எழும்பிச்சுது எண்டு கேட்டு அந்தக் கணத்தில நிப்பாட்டி இன்னொருக்கா.

பிழைக்கிறது ரெண்டு இடத்தில. செயல் கேட்டா எங்கட ஆக்கள் கடமையைத்தான் எழுதுவினம்: முத்தம் கூட்டினன், விறகு பொறுக்கினன். அது புள்ளியை ஏத்தாது. மற்றது, இழப்பைத் தொடாமல் “சந்தோசமா இருங்கோ” எண்டால் அந்த அம்மா அடுத்த கிழமை வரமாட்டா. பிள்ளைக்கு விளக்கு வைக்கிற நேரம் தனியா இருக்கவேணும், பேரப்பிள்ளையோட சிரிக்கிற நேரமும் தனியா இருக்கவேணும்.

மாங்குளம்:

சட்டைப் பையில வெறும் குளிசை மட்டையைத் தொட்டுத் தொட்டுப் பேசின ஒரு ஐயா. குளிசை முடிஞ்சு மாதக்கணக்கு. இவ்வளவுதான் கண்டது.

ஆனா விசுவமடுக்காரர் குளிசையையும் தேசிக்காயோட சேர்த்து எழுதினது ஆபத்து. பேர்சில கிடக்கிற குளிசை வேற, ஒவ்வொரு நாளும் குடிக்கிற குளிசை வேற. டயஸிபாம் எண்ட பதகளிப்புக் குளிசையைக் கிழமைக்கணக்கா நாளாந்தம் குடிக்கிறவர் சடுதியா விட்டா நடுக்கம், நித்திரையின்மை, வலிப்புக்கூட வரலாம். டொக்டர்தான் படிப்படியாக் குறைக்கவேணும். செர்ட்ராலின் எண்ட மனச்சோர்வு, பீதி மருந்து வேற வகை. பீதிக்கு வழமையா 25 மில்லிகிராமில தொடங்கி ஒரு கிழமையால 50 ஆக்குவினம். முதல் ஒண்டு ரெண்டு கிழமை பதகளிப்புக் கூடினமாதிரி இருக்கும், பலன் தெரிய 4 முதல் 6 கிழமை செல்லும். இதை முதலே சொல்லாட்டி அஞ்சாம் நாள் குளிசை குப்பைக்குள்ள. பிளேன்ரீயையும் கேளுங்கோ. நாளுக்கு ஏழு எட்டுக் கோப்பை குடிக்கிற ஆளுக்கு நெஞ்சிடிப்பு அதாலயும் வரலாம். ரெண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கா ஒவ்வொரு கோப்பையாக் குறைச்சுக்கொண்டு வந்தா தலையிடி பெரிசா வராது, பின்னேரம் 2 மணிக்குப் பிறகு வேண்டாம். சாக நினைக்கிற கதை வந்தா ஏணியை வைச்சுப்போட்டு உடன ஆஸ்பத்திரி. இரவு எண்டால் 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

விசுவமடு, உளவளத்துணை:

குளிசை விசயம் ஏற்றுக்கொள்ளுறன், பேர்சுக்குள்ள சும்மா கிடக்கிறதை மட்டும்தான் சொல்ல வந்தது. அந்த அம்மாவுக்கு இப்ப தேசிக்காயும் இல்லை, தண்ணிப் போத்தலும் இல்லை, மனிசன் அடுத்த பஸ்சில வாறார். தர்மபுரம் தாண்டியாச்சு. கொப்பியில 90 எண்டது 35. பரந்தன் சந்தியில இறங்கினா விதி ஒண்டுதான்: விசுவமடுப் பக்கம் போற பஸ்சில ஏறக்கூடாது, நெஞ்சிடிப்போடயே நிண்டு அடுத்த கிளிநொச்சி பஸ்சைப் பிடிக்கவேணும். போன செவ்வாய் ஒருக்கா அங்க இறங்கினா. நிண்டா. அடுத்ததில ஏறினா.