விமான டிக்கெட் ரீஃபண்ட்: நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனவங்க யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். கருங்கல் பக்கத்துல இருந்து எழுதுறேன்.

தங்கச்சிக்கு மும்பையில பிரசவம். அம்மாவுக்குத் திருவனந்தபுரத்துல இருந்து ஒரு மலிவு விலை விமானத்துல டிக்கெட் போட்டேன். விடியக்காலை 5.40-க்குக் கிளம்பணும். ராத்திரி ஒன்றரைக்கே கார் பிடிச்சோம். களியக்காவிளை தாண்டும்போது மெசேஜ் வருது, விமானம் ரத்துன்னு. அறுபத்தெட்டு வயசு அம்மா, மடியில மருந்துப் பொடியும் நல்லெண்ணெயும் வச்ச பை. விடியுற வரைக்கும் ஏர்போர்ட் வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்க. கவுன்டர்ல கேட்டா கஸ்டமர் கேருக்குப் பேசச் சொன்னாங்க. அங்க நாற்பது நிமிஷம் பாட்டுதான். வேற வழியில்லாம மூணு மடங்கு காசு குடுத்து வேற விமானத்துல அனுப்பினேன்.

இப்போ பணத்துக்குப் பதிலா கிரெடிட் (அவங்க விமானத்துலயே அடுத்த டிக்கெட்டுக்குக் கழிச்சுக்கிற தொகை) தாரோம்னு சொல்றாங்க. எனக்கு அது வேண்டாம். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) விதிப்படி பணமா வாங்கணுமா, கிரெடிட்டா வாங்கணுமாங்கறது பயணி முடிவு. கிளம்புறதுக்கு முந்தின 24 மணி நேரத்துக்குள்ள ரத்து பண்ணினா, விமானக் கம்பெனி கையில இல்லாத காரணமா இருந்தாலொழிய, பறக்கும் நேரத்தைப் பொறுத்து அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நஷ்டஈடும் உண்டு. விமானப் பயணிங்க புகாருக்கான அரசுத் தளமான ஏர்சேவாவுல புகார் போட்டேன், 'தீர்க்கப்பட்டது'ன்னு மூடிட்டாங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லயும் பதிஞ்சிருக்கேன்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். வக்கீல் இல்லாம நேரா போட்டவங்க இருக்கீங்களா? நுகர்வோர் வழக்கை ஆன்லைன்ல போடுற இ-ஜாக்ரிதி தளத்துல எந்தெந்தப் பேப்பர் ஏத்தணும்? கார் வாடகைக்கும் புது டிக்கெட்டுக்கும் பில் இருக்கு, அதையும் சேர்த்துக் கேக்கலாமா? அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லித் தாங்க.