தொழில்முறை அணிகளின் அரங்கத்துக்கு நம் வரிப்பணம் போகலாமா?

சாட்ஸ்வொர்த் கோச்:
எனக்குச் சரியாகப் படவில்லை. நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மோசஸ் மபிடா அரங்கத்தை 3 பில்லியன் ராண்டுக்கு மேல் கொட்டிக் கட்டினார்கள். 2010 கால்பந்து உலகக் கோப்பையில் அங்கே நடந்தது 7 ஆட்டம். நடக்கும் தூரத்திலேயே கிங்ஸ் பார்க் அரங்கம். ஷார்க்ஸ் ரக்பி அணி அன்றும் அங்கேதான் ஆடியது, இன்றும் அங்கேதான். ஒவ்வொன்றிலும் 50,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு?

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் மைதான விளக்குகளின் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலத்தில் ஐந்து மணி தாண்டினாலே இருட்டு. பெற்றோர் கோட்டோரமாகக் கார்களை நிறுத்தி ஹெட்லைட் போடுகிறார்கள். கோல்கீப்பர் பையனுக்குக் கண் கூசுகிறது, வரும் பந்து தெரிவதில்லை. கோல் வலையும் வெங்காயச் சாக்கைப் பிரித்து அம்மாக்கள் தைத்ததுதான்.

1996-97இல் தேசியக் கால்பந்து லீக்கின் முதல் கோப்பையையே வென்ற மேனிங் ரேஞ்சர்ஸ் நம் சாட்ஸ்வொர்த் அணி. உலகக் கோப்பை வருவதற்கு முன்பே அந்த அணியை விற்றுவிட்டார்கள்.

ஃபீனிக்ஸ் அக்கா:
தம்பி, அப்படி ஒரேயடியாகச் சொல்லாதே. என் வீட்டுக்காரர் அந்தக் கட்டுமானத்தில் வெல்டர். அந்த வேலை இருந்தவரை பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் பாக்கி விழவில்லை. ஜெர்மனி-ஸ்பெயின் அரையிறுதி நம் ஊரில் நடந்ததே, அந்தப் பெருமைக்கு விலை உண்டா?

கேப் டவுன்காரன்:
இங்கே கேப் டவுனில் உலகக் கோப்பைக்குக் கட்டிய அரங்கத்துக்கு 4 பில்லியன் ராண்டுக்கு மேல் ஆனது. நியூலேண்ட்ஸ் என்ற பழைய அரங்கத்தை விட்டு எங்கள் ரக்பி அணி 2021இல்தான் இங்கே குடிவந்தது. நிரந்தரமாக ஆடப்போகும் அணியிடம் கையெழுத்து வாங்காமல் அடிக்கல்லே நாட்டக் கூடாது என்பேன்.

சாட்ஸ்வொர்த் கோச்:
அக்கா, அண்ணனுக்கு வேலை கிடைத்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பேட்டைக்கு ஒரு மைதானம் கட்டினாலும் வெல்டருக்கு வேலை உண்டே. டிக்கெட் காசும் டிவி உரிமைக் காசும் அணிக்கு, பராமரிப்புச் செலவு மட்டும் ஊருக்கு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கேப் டவுன் அண்ணே, நீங்கள் சொன்ன கையெழுத்தோடு பராமரிப்புச் செலவை ஈடுகட்டும் வாடகையும் வேண்டும்.

நகராட்சி நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டுக்கு ஏப்ரல், மே மாதங்களில் கருத்துக் கேட்பார்கள். விளக்குக்கும் வேலிக்கும் பணம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபீனிக்ஸ் மைதானங்களின் நிலை என்ன அக்கா? படம் இருந்தால் அனுப்புங்கள், சேர்த்தே கொடுக்கலாம்.